தாளில் படித்தால் தங்கும்

தான் சொன்னது பலித்துவிட்டது என்று குமரேசன் பூரித்துப்போன நாளில்தான் அந்த வீட்டுக்குக் கெட்ட காலம் தொடங்கியது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அது உண்மையில்லை. கெட்ட காலம் அதற்கும் முன்பே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

குமரேசன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், புத்தகக் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் அடி அண்ணாமலை, வீடும் அங்கேதான். கடையில் பாதி பழைய புத்தகம், பாதி புதுசு. ரூமைக் காலி செய்யும் வெள்ளைக்காரர்கள் தூக்க முடியாமல் விட்டுப்போகிற தடித்தடி இங்கிலீஷ் புத்தகங்கள் முன்வரிசையில் வெயில் காயும். ஆனால் கடையைத் தூக்கி நிறுத்துவது தமிழ் நாவல்கள்தான். பௌர்ணமிக்கு வந்து நாலு நாள் தங்குகிற சென்னைக்காரர்கள், ஊர் வாத்தியார்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் அவரிடம் வந்து, "ஏதாவது நல்லதா குடுங்க" என்பார்கள். அவர் ஒரு பார்வை பார்த்து, ஆளுக்குத் தகுந்த கதையை எடுத்து நீட்டுவார். குறி தப்பாது.

அந்தக் குறிக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. குமரேசன் நாவல் படிக்க மாட்டார். இரண்டு பக்கம் தாண்டினால் கொட்டாவி, மூன்றாம் பக்கத்தில் குறட்டை. படிப்பதெல்லாம் அவர் மனைவி தமிழ்செல்வி. ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, வாசலோரம் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இஞ்சி டீயைக் குடித்துக்கொண்டே தான் படித்த கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்வார். யார் யாருக்கு என்ன உறவு, எங்கே அழுகை வரும், முடிவு இனிப்பா கசப்பா, எல்லாம். குமரேசன் காதைத் தீட்டிக் கேட்டு, மறுநாள் தானே படித்ததுபோல வாடிக்கையாளரிடம் அளப்பார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அந்தக் கடை நடந்தது அந்த அம்மாளின் வாயால்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் அச்சுப் புத்தகத்தின்மேல் அவ்வளவு வெறி. யாராவது போனில் கதை படிப்பதாகச் சொல்லிவிட்டால் போதும், பில் போடுவதைக்கூட நிறுத்திவிட்டுச் சண்டைக்குப் போவார். ஒரு நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்த கட்டுரையைக் கத்தரித்து, லேமினேட் போட்டு, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். திரையில் படிப்பதைவிடத் தாளில் படித்தால் நன்றாகப் புரிகிறது, மனதில் தங்குகிறது என்று ஆய்வுகள் சொல்வதாக அதில் போட்டிருந்தது. அந்த வித்தியாசம் சிறியதுதான், கதைகளைப் பொறுத்தவரை அனேகமாக இல்லவே இல்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்ததே, அது அவர் கண்ணில் படவில்லை. இத்தனைக்கும் தாளில்தான் படித்தார்.

கார்த்திகை தீபத்துக்கு பெங்களூரிலிருந்து வந்த மகள் சினேகா, அம்மாவுக்கு ஒரு ஈ-ரீடர் வாங்கி வந்தாள். நூறு புத்தகத்தை உள்ளே போட்டுக்கொள்ளலாம், எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம். தமிழ்செல்வி அதை ஆசையாக வாங்கிக்கொண்டதைப் பார்த்ததும் குமரேசனுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டிலேயே எதிரிக்குச் சோறு போட்டதுபோல.

"புஸ்தகக் கடைக்காரன் பொண்டாட்டி சிலேட்டுல படிக்கிறாளா? வெளிய சொல்லாத" என்றார்.

"கண்ணுக்கு இதமா இருக்குங்க. எழுத்து பெருசா தெரியுது" என்றார் தமிழ்செல்வி. அன்றிலிருந்து அதற்குச் சிலேட்டு என்றே பெயராகிவிட்டது.

பங்குனி பிறந்த சமயம் வேதா என்கிற அம்மாள் கடைக்கு வந்தார். மயிலாப்பூர்க்காரர், பௌர்ணமி தவறாமல் வந்து கிரிவலம் போகிறவர், பல வருஷ வாடிக்கை. வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருகிறவர் அன்றைக்குப் படியேறாமல் வெளியிலேயே நின்றார்.

"சார், அந்த மெஸ் நடத்தற அக்கா தங்கச்சி நாவல் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? கடைசில ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம். அருமையான முடிவாச்சே."

"அதை நம்பி என் தங்கைக்கு அனுப்பிட்டேன். எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபம், இதைப் படிச்சா மனசு எளகும்னு. அந்தப் புஸ்தகத்துல தங்கை செத்துக் கிடக்கறா, அக்கா எட்டிக்கூடப் பாக்கலை. அதுதான் முடிவு. என் தங்கை இப்போ நான் போன் பண்ணா எடுக்கறதில்லை."

அந்த அம்மாள் கோபித்துத் திட்டியிருந்தால்கூடக் குமரேசன் தாங்கியிருப்பார். அவர் திட்டவில்லை. இனிமேல் இந்தக் கடைப்பக்கம் வரமாட்டேன் என்பதை முகத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

சாயங்காலம் தமிழ்செல்வி வந்ததும் விசாரணை நடந்தது. அந்த நாவலை எதில் படித்தாய் என்றுதான் முதல் கேள்வி. சிலேட்டில்தான் என்று பதில் வந்ததும் குமரேசனின் முகம் மலர்ந்ததே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன். மானம் போய்விட்டது, நல்ல வாடிக்கை போய்விட்டது, ஆனாலும் அந்த மனுஷனுக்குச் சந்தோஷம். எழுந்து போய் லேமினேட் போட்ட கட்டுரையைக் கழற்றி வந்து மனைவியின் மடியில் வைத்தார்.

"தலைப்பாடா அடிச்சிக்கினனே, கேட்டியா? திரையில படிச்சா மண்டையில நிக்காது. தாள்னா எடது பக்கம் வலது பக்கம்னு ஒரு எடம் இருக்கு. எவ்ளோ படிச்சோம், எவ்ளோ மிச்சம் இருக்குன்னு கைக்கே தெரியும். அதுல என்னா இருக்கு? வழவழன்னு ஒரே பக்கம்."

தமிழ்செல்வி கட்டுரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது வெட்கம் என்று குமரேசன் நினைத்தார். அது பயம். பயந்தவருக்கு யாரோ ஒரு கதவைக் காட்டியதும் வருகிற ஆறுதலும் அதில் கலந்திருந்தது.

"அப்படித்தான் இருக்கும்போல" என்றார் மெதுவாக. "திருப்பித் திருப்பிப் படிக்கிறேன், எங்க இருக்கோம்னே தெரியலங்க. எல்லாம் இந்த மெஷினாலதான்."

"வேற எதனால?" என்றார் குமரேசன்.

அதன்பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் பழி சிலேட்டின் தலையில்தான் விழுந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து பாத்திரம் கருகியது: சிலேட்டைப் பார்த்துப் பார்த்து கவனம் சிதறிவிட்டது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது: அதே காரணம். தமிழ்செல்வியோடு வேலை பார்க்கிற இளம் ஆசிரியை சிந்துஜா ஒருநாள் கடைக்கு வந்து, தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள்.

"சார், டீச்சர் நேத்து கிளாஸ்ல செய்யுள் படிச்சினே இருந்தாங்களாம். பாதியில நிறுத்திட்டு, ஜன்னல் வழியா மலையைப் பாத்துனு நின்னுட்டாங்களாம். பெல் அடிக்கிற வரைக்கும். பசங்க பயந்துட்டாங்க. வீட்ல ஏதாவது கஷ்டமா சார்?"

"கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் இதுதான்" என்று அவள் கையில் இருந்த போனைக் காட்டி, அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார் குமரேசன். அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே போனாள்.

வைகாசி கடைசியில், லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் தமிழ்செல்வி கடைக்கு வரவில்லை. டீ ஆறிப்போனது. நேராக வீட்டுக்குப் போயிருப்பாள் என்று குமரேசன் நினைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, நான் செங்கம் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்."

"செங்கத்துல உனக்கு என்னா வேல?"

"பஸ்ஸு இங்க வந்து நின்னுடுச்சு. எறங்கிட்டேன்." பிறகு, "நீங்க வந்து கூட்டினு போறீங்களா?" என்று கேட்டார். கோயில் திருவிழாவில் அம்மாவைத் தவறவிட்ட பிள்ளையின் குரல் அது. முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த குமரேசன் அந்தக் குரலை அதற்குமுன் கேட்டதே கிடையாது.

குமரேசன் கடையை இழுத்துச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால் தமிழ்செல்வி ஒரு பழக்கடைக்குப் பக்கத்தில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆளைப் பார்த்ததும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபம் வந்தது.

"பஸ்ஸுல சிலேட்டைப் பாத்துனே வந்திருப்ப. நம்ம ஸ்டாப்பிங் போனது தெரியல. அப்படித்தான?"

தமிழ்செல்வி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஆமாங்க. அதுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், சிலேட்டு கட்டிலோரம் சார்ஜில் கிடந்தது. காலையில் போட்டது போட்டபடி. குமரேசன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒயரைப் பிடுங்கி, அதைச் சுருட்டி, சிலேட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். நீ இதைக் கொண்டுபோகவே இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே தன்னைப் பல தடவை கேட்டுக்கொண்டார். கேட்டிருந்தால் அதற்கு அடுத்த கேள்வியும் வந்திருக்கும். அதைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

விஷயம் கேள்விப்பட்டு சினேகா போன் செய்தாள். "அப்பா, அம்மாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்பா. வேலூர்ல நரம்பு டாக்டர் இருப்பாங்க. நான் லீவு போட்டுனு வரேன்" என்றாள்.

"டாக்டர் எதுக்கு? நல்லா இருந்தவளுக்கு அந்த மெஷினைக் கொண்டாந்து குடுத்தது யாரு? நீ. கெடுக்கறதையும் கெடுத்துட்டு டாக்டரைப் பாருன்றியா? தாளுக்குப் பழகினா தானா சரியாயிடும்."

சினேகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இவர் விடவில்லை. கடைசியில், "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். பெற்ற மகளின் வாயை அடைத்துவிட்டோம் என்பதில் அவருக்கு அன்றைக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. கடவுளே, மனுஷ புத்தி எப்படியெல்லாம் போகிறது.

அதன்பிறகு வைத்தியம் தொடங்கியது. மருந்து, தாள். நல்ல காகிதம், பெரிய எழுத்து, தைத்துக் கட்டின புத்தகம் என்று பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். தமிழ்செல்வி மடியில் வைத்துப் படித்தார். சாயங்காலம் பழையபடி கதையும் சொன்னார். ஒரு தடங்கல் இல்லாமல், கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். பார்த்தாயா, இரண்டே மாதத்தில் ஆள் தேறிவிட்டாள் என்று குமரேசன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்தார். ஒருவர் விடாமல் கட்டுரையைக் காட்டினார்.

ஒரே புத்தகம் வாரக்கணக்கில் தமிழ்செல்வியின் கையில் இருந்தது. நல்ல வாசகர்கள் நிதானமாகத்தான் படிப்பார்கள் என்று இவர் சொல்லிக்கொண்டார். சொன்ன கதைகளில் ஒன்றிரண்டு எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. கிணற்றுத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி, ஊரைவிட்டு ஓடிய பெண், திரும்பி வந்து வாசலில் நிற்பவள். நாவல் என்றால் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும் என்று விட்டுவிட்டார். முன்பெல்லாம் கதையைக் கேட்டு வாங்கிப்போனவர்கள் திரும்ப வந்து, "நல்லா இருந்துச்சு" என்பார்கள். இப்போது யாரும் வந்து எதுவும் சொல்வதில்லை. அதுவும் அவர் மண்டையில் உறைக்கவில்லை. உறைக்கவிடவில்லை என்பதே சரி.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஒரு தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. மலை உச்சியில் மேகம் இறங்கி நின்றது. ரோட்டில் ஆள் நடமாட்டம் கம்மி. பள்ளிக்கூடம் இல்லாததால் தமிழ்செல்வி காலையிலேயே கடைக்கு வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். குமரேசன் புதிதாக வந்த கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதைக் கேளுங்க" என்று சிரித்தார் தமிழ்செல்வி. "மாப்பிள்ளையோட தாய்மாமன் தப்பான கல்யாண மண்டபத்துக்குப் போயிட்டாரு. பந்தியில உக்காந்து மூணாவது தடவை பாயாசம் கேக்கறப்பதான் மேடையில பொண்ணைப் பாக்கறாரு. பாத்துட்டு, 'நம்ம பொண்ணு சேப்பால்ல இருந்துச்சு'ன்றாரு." சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

குமரேசனும் சிரித்தார். நிஜமாகவே மனம் நிறைந்து சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது. கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தார். மகளுக்குப் போன் போட்டு, நான் சொன்னேன் பார் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தார்.

இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். டீக்கடைப் பையன் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனான். குமரேசன் மேல் தட்டில் ஏறி இங்கிலீஷ் புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதைக் கேளுங்க" என்று சிரித்தார் தமிழ்செல்வி. "மாப்பிள்ளையோட தாய்மாமன் தப்பான கல்யாண மண்டபத்துக்குப் போயிட்டாரு."

பிடித்துப்போய்த் திரும்பப் படிக்கிறாளாக்கும் என்று நினைத்து, குமரேசன் ஸ்டூலின்மேல் நின்றபடியே தலையைத் திருப்பினார். தமிழ்செல்வி அதே வார்த்தைகளை, அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் குரலை உயர்த்திச் சொன்னார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒருமுறை சொன்ன வேடிக்கையைத் திரும்பச் சொல்கிறவர் முகத்தில், மறுபடி சொல்கிறேன் பார் என்று ஒரு சாயல் இருக்குமே, அது அவர் முகத்தில் இல்லை. அன்றைக்குத்தான் பிறந்த வேடிக்கை அது.

அப்போதுதான் குமரேசன் அந்தப் புத்தகத்தின் அட்டையைக் கவனித்தார். அதன் மூலையில் அவரே நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். பைண்டிங் கோளாறு, பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்ப ஒதுக்கி வைத்தது; தமிழ்செல்வி தெரியாமல் அதிலிருந்து எடுத்திருக்கிறார். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக ஃபாரம் ஃபாரமாக மடித்துக் கட்டுவார்கள். சில பிரதிகளில் கை தவறி ஒரே ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்துவிடும். முப்பத்திரண்டாம் பக்கத்தோடு முடிந்து, முப்பத்துமூன்று வருவதற்குப் பதில் மறுபடி பதினேழு தொடங்கும். புத்தகக் கடைக்காரர்களுக்கு இது சகஜம். வாங்கிப்போனவர்கள் அரைமணி நேரத்தில் திட்டிக்கொண்டே திரும்பக் கொண்டுவருவார்கள். எவ்வளவு அசட்டையாகப் படிக்கிறவரும் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுவார்.

தமிழ்செல்வி நிற்கவில்லை. தடுமாறக்கூட இல்லை. அதே கல்யாணத்துக்குள் இரண்டாம் தடவை நுழைந்து, அதே பந்தியில் உட்கார்ந்து சிரித்திருக்கிறார்.

குமரேசன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். பக்கத்தில் போய், "இங்க காட்டு" என்று வாங்கிப் பக்க எண்ணைப் பார்த்தார். இரண்டாவது இருபத்தைந்து. திருப்பிக் கொடுத்தார். தமிழ்செல்வி விட்ட இடத்திலிருந்து விரலை வைத்துத் தொடர்ந்து படித்தார். நன்றாகத் தைத்துக் கட்டின, நல்ல வெள்ளைத் தாளில் அச்சடித்த புத்தகம் அது.

அவர் வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் நின்று மகளுக்குப் போன் செய்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"சிலேட்டு இல்ல சினேகா" என்றார். "தாள்லதான் படிக்கிறா. தாள்லயும் அதேதான். நான் உன்னைப் போயி என்னென்னமோ பேசிட்டேன்."

சினேகா அழுதாள். பிறகு, "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அந்த மெஷினை வாங்கறதுக்கு முன்னாடியே அம்மாவுக்கு இப்படி இருந்துச்சு. புஸ்தகத்துல ஒரு பக்கம் திருப்பினா முன்பக்கத்துல என்னா இருந்துச்சுன்னே தெரியல பாப்பான்னு எங்கிட்ட சொன்னாங்க. கண்ணுதான்னு நெனச்சோம். எழுத்தைப் பெருசு பண்ணா சரியாயிடும்னுதான் அதை வாங்கினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. நான் சொல்ற கதையை நம்பித்தான் உங்கப்பா கடை வெச்சிருக்காரு, எனக்கே ஒண்ணும் நிக்கலன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சிடுவாருன்னாங்க. அப்புறம் நீங்க மெஷினாலதான்னு சொன்னீங்களா, அம்மாவுக்கு அதுல ஒரு நிம்மதி. வியாதி கியாதி இல்ல, மெஷின்தான்னு. எனக்கும் அதை நம்பணும்போல இருந்துச்சு. பழி எம்மேல இருந்தா இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

குமரேசன் போனைக் காதில் வைத்தபடியே எதிரில் இருந்த தன் கடையைப் பார்த்தார். வாசலில் தமிழ்செல்வி தலை குனிந்து, ஒரு பக்கத்தை எச்சில் தொட்டுத் திருப்பினார். ஒரு வருஷம் முழுக்க இந்தப் பெண்பிள்ளை தனக்குள் எதுவோ இடிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே, அதன் சத்தம் புருஷன் காதில் விழாமல் கதை சொல்லியிருக்கிறாள். படித்தது மறந்த இடங்களில் தானே இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அவர் வியாபாரம் செய்திருக்கிறார். அவருக்கு ரோட்டிலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

"நாளைக்கே கெளம்பி வா. வேலூர் போவலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ரோட்டைத் தாண்டினார்.

"யாருங்க போன்ல?" என்று கேட்டார் தமிழ்செல்வி.

"சினேகா."

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம். நல்ல மனசோடதான் வாங்கினு வந்தா." புத்தகத்தை மூடி, விரலை நடுவில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். முகம் தெளிவாக, சின்ன வயசு முகம்போல இருந்தது. "ஆனா நீங்க சொன்னதுதாங்க சரி. தாள்ல படிச்சா நிக்குது. நான் ரொம்ப பயந்து போயிருந்தேன், உங்ககிட்ட சொல்லல. மண்டையில என்னமோ ஆயிடுச்சின்னு நெனச்சேன். இப்ப பாருங்க, கதை அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. சொல்றேன் கேக்கறீங்களா?"

குமரேசன் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இன்னும் ஒருநாள், மகள் வருகிற வரைக்குமாவது, அந்தத் தெளிவை அந்த முகத்தில் விட்டு வைத்திருக்கலாம். அதுதான் இரக்கம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றவும் செய்தது. ஆனால் இத்தனை மாதமாக அந்த வீட்டில் எல்லாரும் எல்லார்மேலும் இரக்கப்பட்டுத்தானே இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார்கள்.

அவர் குனிந்து புத்தகத்தை வாங்கினார். முதல் ஃபாரம் முடிந்து வரும் பதினேழாம் பக்கத்தைத் திறந்து ஒரு விரலை வைத்தார். இரண்டாவது பதினேழைத் திறந்து இன்னொரு விரலை வைத்தார். இரண்டையும் தமிழ்செல்வியின் மடியில் விரித்துக் காட்டினார்.

"செல்வி, இதைப் படி. அப்புறம் இதைப் படி."

தமிழ்செல்வி படித்தார். பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிறவர்போல வரிக்கு வரி விரலை ஓட்டி, முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. திரும்ப முதலாவதைப் பார்த்தார். பக்க எண்களைப் பார்த்தார். அவருக்குப் புரிகிற வரைக்கும் குமரேசன் நின்றார். ஒரு பஸ் செங்கம் பக்கம் போனது. மேகம் மலையை முழுக்க மூடியிருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் தமிழ்செல்வி.

"ஆமா."

"ரெண்டையும் படிச்சேனா?"

"படிச்ச. ரெண்டு வாட்டியும் எங்கிட்ட சொன்ன. ரெண்டு வாட்டியும் சிரிச்ச."

தமிழ்செல்வி புத்தகத்தை மூடவில்லை. இரண்டு பக்கங்களின்மேலும் இரண்டு கைகளை வைத்துக்கொண்டு, ஓடிப்போய்விடும் ஒன்றைப் பிடித்து வைப்பதுபோல அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் தொங்கிய கட்டுரைப் பக்கம் ஒருமுறை பார்வை போய் வந்தது.

"அப்போ தாள்லயும் இல்லையா?" என்று கேட்டார்.

எத்தனையோ பேரை வாயால் மடக்கிய மனுஷன், பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையின்மேல் தன் கையை வைத்து, "இல்ல செல்வி" என்றார்.